சூரபன்மனைத் தடுத்த மானம்

கந்தபுராணம் இலங்கைச் சைவ மக்களின், சிறப்பாக யாழ்ப்பாணத்து மக்களின் வாழ்வோடு ஒன்றிப்போன நூலாகும். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, அடியார்கள் அமர்ந்திருந்து கேட்கும் புராணபடன மரபு இம்மண்ணிலே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. இவ்வாறு கேட்டுக் கேட்டு உருவான வாழ்க்கை முறையையே பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் கந்தபுராண கலாசாரம் என்று போற்றினார்கள்.

காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் அர்ச்சகராக விளங்கிய கச்சியப்ப சிவாசாரியார் பாடிய இந்நூல் 6 காண்டங்களையும் 10,000இற்கு மேற்பட்ட செய்யுள்களையும் உடையது. இவற்றுள் அசுர காண்டம், மகேந்திர காண்டம், யுத்த காண்டம் ஆகிய மூன்றும் சூரபன்மனின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் விரித்துரைக்கின்றன. சூரன் என்றதும் கந்தசஷ்டி முடிவிலே வீதியில் ஆடி ஆடி வரும் பெரிய உருவமும் மாறி மாறிப் பொருத்தப்படும் தலைகளுமே பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் நூலிலே காணப்படும் சூரன் அவ்வளவு எளிதில் அடங்கிவிடுபவன் அல்லன். பிறவியிலேயே கொடியவன் என்று அவனைத் தள்ளிவிடவும் இயலாது.

காசிப முனிவருக்கும் மாயைக்கும் பிறந்தவர்கள் சூரபன்மன், சிங்கமுகன், தாரகன் என்னும் மூவரும் அசமுகி என்னும் தங்கையும் ஆவர். பிள்ளைகளுக்கு முதலில் தந்தை உபதேசம் செய்கின்றார். அறத்தின் மேன்மையையும் தவத்தின் வலிமையையும் மார்க்கண்டேயரின் வரலாற்றைக் கொண்டு விளக்குகின்றார். அவர் சொல்லி முடித்ததும் தாய் பேசத் தொடங்குகின்றாள். இவை முனிவர்களுக்கு உரியவை, உங்களுக்கு வேண்டியவை செல்வமும் ஆட்சியுமே என்பது அவளின் போதனையின் சாரம். அவற்றை அடையும் வழியாக அவளும் சிவபெருமானை நோக்கிச் செய்யும் வேள்வியையே காட்டுகின்றாள். தந்தை சொன்ன தெய்வமும் தாய் சொன்ன தெய்வமும் ஒன்றே. நோக்கம் மாத்திரம் வேறு. வழிபாடு இருந்தும் வாழ்வு கோணிப் போவது எங்ஙனம் என்று கேட்போர் இப்படலங்களை அவசியம் படித்தல் வேண்டும்.

சூரன் வேள்வியைக் குறைவறச் செய்தான். தன் தசையையே அரிந்து தீயிலிட்டு, ஈற்றில் தானும் அத்தீயில் வீழ்ந்தான். இறைவன் எழுந்தருளி 1008 அண்டங்களின் ஆட்சியையும் 108 யுக வாழ்நாளையும் கொடுத்தார். தம் சக்தியாலன்றி வேறெவராலும் அழிவில்லை என்ற வரமும் கிடைத்தது. இவை களவாகவோ வஞ்சகமாகவோ பெற்றவை அல்ல, பாடுபட்டுப் பெற்றவை. பாடுபட்டுப் பெற்றதனாலேயே, எல்லாம் தனக்கு உரியவை என்ற எண்ணம் அவனிடம் வேரூன்றியது போலும். குலகுருவாகிய சுக்கிரனோ, பாவம் புண்ணியம் என்று அஞ்சவேண்டியதில்லை என்று போதித்து அந்த எண்ணத்துக்கு நீர் ஊற்றினான். அசுரருக்கு மீன் சுமந்து வருமாறு தேவர்கள் ஏவப்பட்டனர். பின்னர் இந்திரன் மகன் சயந்தனும் தேவர்களும் சிறையில் அடைக்கப்பட்டனர். வீரமகேந்திரபுரியிலே இதைத் தவறென்று சொல்வாரும் இல்லாமற் போயினர்.

எனினும் திருந்துவதற்குரிய தருணம் சூரனுக்கு ஒருமுறை அன்று, பலமுறை வாய்த்தது. முதலில் முருகப் பெருமானின் தூதராக வீரவாகுதேவர் வந்து, தேவரைச் சிறைவிடுத்து உய்யுமாறு கூறினார். பால்மணம் மாறாத பிள்ளையின் சொல்லுக்கு நான் பணிவதா என்று சூரன் இகழ்ந்தான். அதன்பின் மந்திராலோசனையில் தம்பி சிங்கமுகன் எழுந்தான். வந்திருப்பவர் பிள்ளை அல்லர், நமக்கு வரந்தந்த பரம்பொருளே அவ்வடிவில் வந்துள்ளது, தந்தவரோடு போர் செய்தல் தகுமோ என்று அவன் தெளிவாக எடுத்துரைத்தான். அண்ணன் சீறியதும், அவனைத் தனியே விட்டுவிட மனமின்றி அவன் பக்கமே நின்று போர் செய்து மாண்டான். கம்பராமாயணத்துக் கும்பகருணனும் இவ்வாறே அறிவுரை சொன்னவன், இவ்வாறே மடிந்தவன். அறம் தெரிந்தும் உறவைத் துறக்க முடியாத இவ்விருவரையும் நினைந்து இரங்காதார் இலர்.

மூத்த மகன் பானுகோபனும் களத்தில் அடிபட்டுத் திரும்பிய பின்னர், தேவரை விடுவித்தலே நலம் என்று தந்தையிடம் சொன்னான். இன்னொரு மகன் இரணியனும் சொன்னான். அவன் கதை இன்னும் பரிதாபமானது. தந்தையின் அழிவு உறுதி என்று கண்டு, இறுதிக் கடன் செய்வதற்கு ஒரு பிள்ளையாவது எஞ்சவேண்டும் என எண்ணிக் கடலிலே மீன் வடிவெடுத்து மறைந்து கொண்டான். பெற்ற பிள்ளையே தகப்பனின் ஈமக்கடனைப் பற்றி முன்கூட்டிச் சிந்திக்கும் நிலை வந்தும் சூரன் அசையவில்லை.

ஈண்டு கவனிக்கத்தக்க மாற்றம் ஒன்றுண்டு. தொடக்கத்தில் எதிரி பாலன், எனவே வெல்வேன் என்பதே அவனின் வாதம். போர் முற்ற முற்ற அந்த வாதம் மெலிந்து, இப்போது விட்டுக்கொடுத்தால் உலகம் பழிக்குமே என்பது முன்னுக்கு வருகின்றது. அதாவது பேராசை ஓய்ந்துபோன இடத்திலும் வீண் மானம் ஓயவில்லை. ஆங்கில நாடகாசிரியர் ஷேக்ஸ்பியர் படைத்த மக்பெத் என்பவனும் அரசாசையால் தன் மன்னனைக் கொன்றவன். ஆயினும் அவனை மேன்மேலும் கொலைக்குத் தள்ளியது பெரும்பாலும் அச்சம். சூரனிடம் அச்சம் குறைவு. அவனைப் பிடித்திருந்த நோய் வேறு.

அந்நோயைக் கச்சியப்பர் முழுமையாகக் காட்டும் இடம் இறுதிநாட் போராகும். சேனை அழிந்து, தேர் இழந்து, பல்வேறு வடிவங்கள் எடுத்துப் பொருது களைத்து நின்ற சூரனுக்கு முருகப் பெருமான் தமது பேருருவைக் காட்டி, அதனை உணரும் அறிவையும் கொடுத்தருளினார். அக்கணத்தில் அவன் பகை மறைகின்றது. சிறுபிள்ளை என்று எண்ணியிருந்தேனே என்று வியக்கின்றான். அவன் கால்கள் பெருமானை வலம்வர விழைகின்றன. கைகள் குவிய விரும்புகின்றன. தலை தாழவும் நா துதிக்கவும் ஆயத்தமாகின்றன. தீமை நீங்கி இவருக்கு அடியவனாகி வாழவேண்டும் என்று உள்ளமும் உருகுகின்றது. இத்தனையும் ஒருமுகமாக நிற்க, மானம் ஒன்று மாத்திரம் குறுக்கே நின்று தடுக்கின்றது. இதனை அவன் வாயாலேயே சொல்ல வைத்திருக்கின்றார் கவிஞர். தன் நோயின் பெயர் நோயாளிக்கே தெரிந்திருந்தது. மருந்தும் எதிரே நின்றது.

மானம் நல்லதன்றோ என்ற ஐயம் எழலாம். திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தவர். ஆனால் குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தில், அரசனுக்குக் கேடு தருவனவற்றை எண்ணுமிடத்து உலோபத்தோடு பெருமை நீங்கிய மானத்தையும் சேர்த்துச் சொல்கின்றார். இதற்கு உரைகண்ட பரிமேலழகர், வணங்கத் தக்க பெரியோரை வணங்காமையும், முடிக்க முடியாததாயினும் நினைத்ததை முடித்தே தீர்வேன் என்று நிற்பதும் அத்தகைய மானம் என்பர். சூரனையே மனதில் வைத்து எழுதியது போல அமைந்திருக்கின்றது இவ்வுரை.

கந்தபுராணத்தின் இறுதியில் வரும் தக்கனும் தவத்தால் உயர்ந்தவனே. வரந்தந்த சிவபெருமானையே விலக்கி வேள்வி செய்து, வீரபத்திரரால் தலையிழந்து, ஆட்டுத்தலையோடு எழுந்தான். புராணபடனம் கேட்பவர்கள் சூரனில் ஒருமுறையும் தக்கனில் இன்னொருமுறையும் ஒரே நோயைக் காண்கின்றனர்.

பேருருவை மறைத்துப் பெருமான் பழைய வடிவோடு நின்றதும், சூரனுக்கு வந்த தெளிவும் மறைந்தது. மீண்டும் சினந்து இருளாகப் பரந்தான். வேற்படை விரட்டக் கடலினுள் ஒளிந்து மாமரமாக நின்றான். வேல் அம்மரத்தை இருகூறாக்கியது. கூறுகள் மயிலும் சேவலுமாகிச் சீறி வந்தன; பெருமானின் அருள்நோக்கம் பட்டதும் சீற்றம் தணிந்தன. களத்திலே வலம்வர மறுத்த கால்கள் மயிலின் கால்களாகி இன்று பெருமானைச் சுமந்து வீதிவலம் வருகின்றன. துதிக்க மறுத்த நா, கொடியிலே சேவலாக நின்று கூவுகின்றது.