பிள்ளையின் வருத்தத்தை யாரிடம் சொல்வது?

செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் உள்ளே வந்தால் இலுப்படிச்சேனை, கரடியனாறு, புல்லுமலை என்று ஊர்கள் வரும். இந்தப் பக்கம் ஒரு பிள்ளைக்குப் பெரிய வருத்தம் என்று தெரிந்தால் சொந்தக்காரர் சொல்லும் யோசனை இப்போது ஒன்றுதான். "ஒரு வீடியோ எடுத்துப் போடுங்க மனே, வெளிநாட்டுல இருக்கிற ஆக்கள் பாத்தா காசு வரும்." மாமா சொல்வார், மச்சான் சொல்வார், பக்கத்து வளவுக்காரரும் சொல்வார். தாயும் தகப்பனும் நித்திரை கெட்டு, பயந்து, யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும் நிலையில் இருப்பார்கள். அப்படித் தலையாட்டிய வீடுகளை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு நான் படிப்பித்தும் இருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யாரிடமும் வாய் திறக்கும் முன் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போய் இருங்கள். நம் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையானாலும், பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையானாலும், மகரகம அபேக்ஷா வைத்தியசாலையானாலும் கட்டிலுக்கோ சத்திரசிகிச்சைக்கோ பில் தருவதில்லை. காசு போகும் வழிகள் வேறு. கொழும்புக்குப் போய்வரும் செலவு, கூட நிற்பவருக்குச் சாப்பாடும் தங்குமிடமும், வெளியில் செய்துவரச் சொல்லும் பரிசோதனை, ஆஸ்பத்திரியில் தட்டுப்பாடான மருந்து, வயலுக்கும் பட்டிக்கும் போகாமல் விட்ட நாள்களின் கூலி. இதையெல்லாம் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பல வீடுகளில் வரும் தொகை, ஊர்வாயில் அடிபடும் லட்சங்களைவிட எவ்வளவோ குறைவாக இருக்கும். இரத்தம் தேவைப்படுவது ஒரு கதை, சிறுநீரகம் தேவைப்படுவது இன்னொரு கதை, இந்த நாட்டில் கிடைக்காத மருந்து வேறொரு கதை. தேவை இன்னது என்று தெரிந்த பிறகுதான் அதை யாரிடம் கேட்கலாம் என்று யோசிக்கவே முடியும்.

குடும்பத்துக்குள் சொல்வதையும் கோயிலடியில் சொல்வதையும் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. எல்லாரும் செய்வதுதான்.

அரசாங்க வழியைத்தான் நம் ஆட்கள் சோம்பலால் விட்டுவிடுகிறார்கள். ஜனாதிபதி நிதியம் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது; மருத்துவ உதவி அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. முன்பு அதற்குக் கொழும்புக்கு அலைய வேண்டும். 2025 பெப்ரவரியிலிருந்து விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். நமக்குச் செங்கலடியில் இருக்கும் ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச செயலகம். சிகிச்சைக்குத் திகதி குறிக்கும் முன்பே போய் விசாரியுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையென்றால் சுரக்ஷா காப்புறுதி இருக்கிறது, அதிபரிடம் கேளுங்கள். அதே செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பார். கிராம உத்தியோகத்தரின் கடிதம், டொக்டரின் அறிக்கை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் மூன்றிலும் பல பிரதிகள் எடுத்து ஒரு பைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு அடுத்தது பள்ளிக்கூடம். ஒரு அதிபர் கையெழுத்திட்ட கடிதத்தின் பலம் பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை. அந்தக் கடிதத்தைப் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், சுவிஸிலும் கனடாவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் யார், எந்த வீடு என்று உடனே விளங்கிக்கொள்வார்கள். அவர்களுக்கு அழுகிற முகம் காட்டத் தேவையில்லை. கணக்கைத் தகப்பனின் பெயரிலும் அதிபர் அல்லது கோயில் வண்ணக்கர் பெயரிலும் சேர்த்துத் திறந்து, வந்ததையும் போனதையும் எழுதிவைத்தால் பிறகு ஒருவரும் ஒரு சொல் சொல்லமாட்டார்கள். எங்கள் ஊரில் அமைதியாக முடிந்த காரியங்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடிந்தன.

பத்திரிகை இதைவிட அகலமானது. பிராந்தியச் செய்தியாளரிடம் போனால் அவர் டொக்டரின் கடிதத்தைக் கேட்பார், கிராம உத்தியோகத்தரிடம் விசாரிப்பார். அந்த விசாரிப்பே உங்களுக்கு ஒரு காவல். படம் போடாமல், ஊரையும் வயதையும் மட்டும் போட்டு எழுதச் சொல்லிக் கேட்கலாம். நல்ல செய்தியாளர் சம்மதிப்பார். சம்மதிக்காதவரிடம் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள்.

இனி வீடியோ. உதவி செய்கிறோம் என்று யூடியூப் சானல் வைத்திருப்பவர்கள் வீட்டுக்கு வருவார்கள். அரிசி மூட்டையும் கொண்டுவருவார்கள். எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. சிலரால் சில குடும்பங்கள் தலைநிமிர்ந்திருக்கின்றன. ஆனால் அந்த வேலை நடக்கும் முறையைப் பாருங்கள். தாய் அழும்வரை கேள்வி நீளும். கிடுகு வேலியும் கிழிந்த பாயும் படத்தில் வரவேண்டும். பிள்ளையின் உடம்பில் வருத்தம் தெரியும் இடத்தைத் திறந்து காட்டச் சொல்வார்கள். பார்ப்பவர் அனுப்பும் காசு பல நேரம் சானல்காரரின் கணக்குக்குத்தான் போகிறது. எவ்வளவு வந்தது என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது, கேட்கவும் வெட்கம். உதவிக்குப் போன வீட்டில் ஒரு பெண்பிள்ளையிடம் தரக்குறைவாகப் பேசிய காணொளி பரவியதன் பின், 2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் ஒரு யூடியூபர் கைதானார். அது வெளியே தெரியவந்த ஒன்று.

உங்கள் போன் இலக்கத்தைத் திரையில் போட்டால் வரும் அழைப்புகள் எல்லாம் உதவி அழைப்புகளாக இருக்காது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் என்பார்கள், காசு போட வங்கி அட்டை இலக்கமும் போனுக்கு வந்த ஓடிபியும் தேவை என்பார்கள். சொன்னால் இருந்த காசும் போய்விடும். சிறுநீரகம் கேட்ட வீட்டுக்குத் தரகர் வருவார். மாத்திரையை நிறுத்து, நான் எண்ணெய் தருகிறேன் என்று சொல்பவரும் வருவார். அவருக்குத்தான் நான் எல்லாரிலும் அதிகம் பயப்படுகிறேன்.

இதெல்லாம் பெரியவர்களின் பாடு. பிள்ளையின் பாட்டை வகுப்பறையில் பார்க்க வேண்டும். சிகிச்சை முடிந்து, தலைமுடி திரும்ப முளைத்து, பிள்ளை பள்ளிக்கூடம் வரும். அதற்குள் அந்த வீடியோவை வகுப்பு முழுக்கப் பார்த்திருக்கும். பேர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளைகள் வருத்தத்தின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெண்பிள்ளையென்றால் பத்து வருடம் கழித்துக் கலியாணம் பேச வருகிறவர் அந்தப் பழைய வீடியோவைத் தேடி எடுப்பார். குணமான வருத்தம் என்று நீங்கள் எத்தனை தரம் சொன்னாலும் படத்தில் இருப்பது குணமாகாத பிள்ளைதான். ஒருவர் அழித்தாலும் நாலு பேர் எடுத்துவைத்திருப்பார்கள். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது. அந்தரங்கம் வயது பார்ப்பதில்லை.

கரடியனாற்று மக்களுக்குக் கமரா புதிதல்ல. 2010 செப்டெம்பர் 17ஆம் திகதி பொலிஸ் நிலைய வளாகத்தில் வீதி வேலைக்கு வைத்திருந்த வெடிமருந்து வெடித்தபோது நாடு முழுவதும் எங்கள் ஊரின் பேரைப் படித்தது. அதன் பிறகு இந்த ஊரை யார் நினைத்துப் பார்த்தார்கள்? செய்திக்கு ஒரு கிழமைதான் ஆயுள். மாதக் கணக்காகக் கிளினிக் போகும் பிள்ளைக்கு அந்த ஒரு கிழமையை மட்டும் நம்பியிருக்க முடியாது.

கேரளத்துக் கதையை எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். 2021இல் கண்ணூர் மாவட்டம் மாட்டூலில் முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு என்ற நோய் வந்த ஒரு சிறுவனுக்கு 18 கோடி இந்திய ரூபாய் மருந்து தேவைப்பட்டது. அதே நோயோடு சக்கர நாற்காலியில் இருந்த அக்கா தம்பிக்காகப் பேசினாள். சில நாள்களில் 46 கோடிக்கு மேல் சேர்ந்தது. உண்மைதான். ஆனால் அங்கே மருந்தின் பேரும் விலையும் முதலிலேயே தெரிந்திருந்தது, ஊரில் ஒரு குழு பொறுப்பெடுத்திருந்தது, தொகை சேர்ந்ததும் இனிப் போடவேண்டாம் என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு மலப்புரத்தில் அதே நோய் வந்த கைக்குழந்தைக்கு 16 கோடிக்கு மேல் சேர்ந்தும், மருந்து வரும் முன்பே குழந்தை போய்விட்டது. தமிழ்நாட்டில் அதே நோய் வந்த குமாரபாளையத்துக் குழந்தை ஒன்றுக்கு மக்கள் சேர்த்த 16 கோடியோடு, மத்திய அரசு ஏறக்குறைய 6 கோடி வரியைத் தள்ளுபடி செய்ததும் சேர்ந்துதான் மருந்து கிடைத்தது. அப்படியான மருந்து உங்கள் டொக்டரின் கடிதத்தில் எழுதியிருந்தால் ஊடகத்துக்குப் போங்கள், நானும் கூட வருகிறேன். காய்ச்சலுக்கும் கிளினிக் செலவுக்கும் அந்த வழி வேண்டாம்.

பிள்ளையின் முகம் இல்லாமலும் நாட்டை அசைக்கலாம். 2016இல் மகரகம வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்கப் பொதுமக்கள் 200 மில்லியன் ரூபாய்க்குக் குறையாமல் சேர்த்தார்கள். 2022 ஏப்ரலில் பொருளாதார நெருக்கடியின் நடுவில், பிறந்த குழந்தைகளுக்குப் போடும் சுவாசக் குழாய் தீரப்போகிறது என்று டொக்டர்மார் வெளியில் சொன்னார்கள். உதவ வந்தவர்களில் ஒருவரும் எந்தக் குழந்தை என்று கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பிழை நடந்ததாக நீங்கள் நம்பினால் அது வேறு விசயம். 2023இல் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலுக்கு அனுமதித்த எட்டு வயதுச் சிறுமியின் கை அகற்றப்பட்டபோது ஊடகம் பேசியது நியாயம். அங்கேயும் முதலில் எழுத்தில் முறைப்பாடு, பிறகு பொலிஸ், சட்டத்தரணி, அதன் பிறகே கமரா. பிள்ளை இன்னும் அதே வார்டில் கிடக்கும்போது டொக்டரைத் திரையில் ஏசுவது பிள்ளைக்கு உதவாது. 2017இல் லண்டனில் சார்லி கார்ட் என்ற குழந்தையின் வழக்கு உலகச் செய்தியானபோது ஆஸ்பத்திரி ஊழியருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன, குழந்தை பிழைக்கவில்லை.

எல்லாராலும் கமரா முன் நிற்க முடியாது. கேள்வி கேட்டால் நிதானமாகப் பதில் சொல்லும் தகப்பனும் உண்டு, வாய் குழறி இல்லாததையும் சொல்லிவிடும் தகப்பனும் உண்டு. உங்கள் குணம் எது என்று பார்த்து, முடியாவிட்டால் பேசத் தெரிந்த ஒருவரை முன்னுக்கு விடுங்கள். பொறுமையும் வேண்டும். பிரதேச செயலகத்தில் இன்று போ நாளை வா என்பார்கள், போங்கள். கடிதம் தொலைந்தது என்பார்கள். பைலில் இருக்கும் மற்றப் பிரதியைக் கொடுங்கள். ஒரு போக வேளாண்மைக்கு மாதக்கணக்காகப் பொறுத்திருக்கத் தெரிந்த சனம் நாம்.

எல்லாம் யோசித்த பிறகும் ஊடகத்துக்குப் போவது என்று முடிவெடுத்தால், விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையிடம் முதலில் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அதோடு முடிந்தது. சரி என்று சொன்னால் முகத்தையும் பள்ளிக்கூடத்தின் பேரையும் மறைக்கச் சொல்லுங்கள், மருத்துவ அறிக்கையின் படத்தைக் கொடுக்காதீர்கள், எடுத்ததை வெளியிடும் முன் நீங்கள் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தேவையான தொகை வந்த அன்றே கணக்கை நிறுத்தி, வந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு, மிச்சம் யாருக்குக் கொடுத்தோம் என்று அதே இடத்தில் அறிவியுங்கள். பிள்ளையின் பேரில் யாராவது தொடர்ந்து காசு கேட்டால் கரடியனாறு பொலிஸிலோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்திலோ முறையிடுங்கள்.