மீள்வோர்க்குத் துணை

நுழையும்முன்

காய்ச்சல் கண்டவரைப் பார்க்கப் பழத்தோடு செல்கிறோம். குடிநோயால் துன்புறுபவரைக் கண்டாலோ விலகி நடக்கிறோம். அவர் வீட்டாரும் ஊரறியாமல் அதனை மறைக்கவே முயல்கின்றனர். மறைப்பதால் நோய் தீருமா? போதைக்கு அடிமையானோர் மீளும் வழியையும், அதில் சுற்றத்தாரின் பங்கையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பழக்கம் நோயாதல்

திருக்குறளில் 'கள்ளுண்ணாமை' என்னும் அதிகாரம் இடம்பெற்றிருப்பது, மதுவின் தீமையைத் தமிழ்ச் சமூகம் நெடுங்காலமாக எண்ணி வந்துள்ளமையைக் காட்டும். விட நினைத்தும் விட முடியாமல் தவிப்பவரின் நிலையை இன்றைய மருத்துவம் விளக்குகிறது.

மூளையில் மகிழ்வுணர்வோடு தொடர்புடைய வேதிப்பொருள்களுள் ஒன்று டோபமின். போதைப்பொருள்கள் இதனை இயல்புக்கு மீறிப் பெருகச் செய்கின்றன. நாளடைவில் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. முன்பு சிறிதளவில் கிடைத்த கிளர்ச்சிக்கு இப்போது பேரளவு தேவைப்படுகிறது. சுவையான உணவும் பிள்ளையின் சிரிப்பும்கூட முன்போல் மகிழ்ச்சி தருவதில்லை. குடியை நிறுத்தினால் கைந்நடுக்கம், வியர்வை, படபடப்பு, உறக்கமின்மை ஆகியன தோன்றுகின்றன. அத்துன்பத்தைத் தணிக்க அவர் மீண்டும் குடிக்கிறார். இன்பம் தேடித் தொடங்கிய பழக்கம், துன்பத்திலிருந்து தப்பும் முயற்சியாகத் தொடர்கிறது. இதனைச் 'சார்புநிலை' என்பர். இந்நிலையை அடைந்தவரிடம் "மனம் வைத்தால் விடலாமே" என்று கூறுவது, மூச்சிரைப்பு நோயாளியிடம் "நன்றாக மூச்சுவிடலாமே" என்று கூறுவதை ஒக்கும்.

மனச்சோர்வும் அச்சமும் கொண்ட சிலர், அவற்றை மறக்க மதுவை நாடுவதுண்டு. மதுவோ மனச்சோர்வை மிகுவிக்கும். ஆகவே இரண்டிற்கும் ஒருங்கே மருத்துவம் செய்தல் வேண்டும். இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மது, போதைப்பொருள்களின் தவறான பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது.

மீட்சியின் படிகள்

முதற்படி, உடலிலிருந்து நஞ்சு நீங்கும் காலத்தை மருத்துவர் கண்காணிப்பில் கடத்தல். இஃது ஒருசில நாள்களில் முடியக்கூடியது. இரண்டாம்படி, உளவியல் ஆலோசனை. சம்பள நாள், பழைய கூட்டாளிகள், சினம், தனிமை எனக் குடிக்கத் தூண்டும் சூழல்களைத் தாமே இனங்கண்டு, அவற்றை எதிர்கொள்ளும் வழிகளை அவர் கற்கிறார். மூன்றாம்படி, தொடர் கவனிப்பு. இதுவே நீண்டது, பலரும் கைவிட்டுவிடுவதும் இதனையே.

மீண்டவர் ஒருநாள் மறுபடியும் குடித்துவிட்டால், "இனி இவர் திருந்தமாட்டார்" என ஊர் தீர்ப்பளித்துவிடுகிறது. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை கூடினால் மருந்தையும் உணவுமுறையையும் சரிசெய்கிறோமே அன்றி, அவரைக் கைவிடுவதில்லை. இங்கும் அதுவே முறை. எந்தச் சூழலில் சறுக்கினார் என ஆராய்ந்து, உடனே சிகிச்சையைத் தொடர்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

பல்லாண்டுகள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் கடும் மனக்குழப்பமும் ஏற்படக்கூடும். உயிருக்கே கேடு நேரலாம். எனவே அத்தகையோரை அறையில் பூட்டிவைத்தல் தீர்வாகாது. மருத்துவரின் துணையோடு நிறுத்துவதே பாதுகாப்பானது.

இழப்பில் பிறந்த தொண்டு

சாந்தி ரங்கநாதன் தம் கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரோடு ஒதுங்கிவிடாமல், 1980ஆம் ஆண்டு கணவரின் பெயரிலேயே சென்னையில் அறக்கட்டளையொன்றை நிறுவினார். குடிநோயைப் பற்றி வாய்திறக்கவே மக்கள் கூசிய காலம் அது. அவ்வறக்கட்டளை பின்னர் மருத்துவமனையாக வளர்ந்தது. நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்குவது அதன் சிறப்பாகும். இத்தொண்டிற்காக அவருக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நகரத்துக்கு வர இயலாத உழைப்பாளர்க்கு என்ன வழி? இன்றைய திருவாரூர் மாவட்டத்திலுள்ள மஞ்சக்குடி என்னும் சிற்றூரில் இந்நிறுவனம் சிகிச்சை முகாம்களை நடத்தியது. மருத்துவமே ஊர் தேடிச் சென்றது. ஊராரும் அம்முகாம்களுக்குத் துணைநின்றனர். முகாம் முடிந்து வீடு திரும்புபவர் நாள்தோறும் எதிர்ப்படுவது ஊராரைத்தான். அவரை அழைத்துப் பேசுவதும், நம்பி வேலை தருவதும் மருந்துக்கு இணையானவை.

மீண்டவரே மீள்பவர்க்குத் துணையாவதும் உண்டு. 1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து அக்ரன் நகரில், குடிநோயால் துன்புற்ற பங்குவணிகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் ஒருவருக்கொருவர் துணையாயினர். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் அமைப்பு அவ்வாறே தோன்றியது. வாழ்நாள் முழுவதும் குடிக்கமாட்டேன் என மலைக்காமல், இன்று ஒருநாள் குடிக்காமல் இருப்போம் என்பதே அவர்தம் நெறி. தமிழ்நாட்டிலும் இக்குழுக்கள் கூடுகின்றன.

வீட்டிலிருப்போர்

குடிநோய் குடிப்பவரோடு நிற்பதில்லை. இரவில் வாசற்படியில் கேட்கும் காலடியோசைக்கு அஞ்சி, படிப்பில் மனம் ஒன்றாமல் இருக்கும் பிள்ளைகள் உளர். அவர்கள் மூன்று உண்மைகளை அறிதல் வேண்டும்: பெற்றோர் குடிப்பதற்குப் பிள்ளைகள் காரணமல்லர், அதனை நிறுத்தும் பொறுப்பும் அவர்களுடையதன்று, அதற்காக அவர்கள் நாணவேண்டியதும் இல்லை. நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ உறவினரிடமோ மனம்விட்டுப் பேசுதல், வீட்டைக் காட்டிக்கொடுப்பதாகாது; உதவிக்கான முதல் அடியாகும். அவ்வாறு நண்பர் ஒருவர் நம்மிடம் பேசினால், இடைமறிக்காமல் கேட்பதும், அதனைக் கேலிப்பொருளாக்காமல் காப்பதும், அவரைத் தக்க பெரியவரிடம் அழைத்துச் செல்வதும் நம் கடமைகளாகும். நடுவண் அரசின் 'டெலி மானஸ்' இலவச மனநல ஆலோசனை எண் 14416, நாளின் எந்நேரமும் உதவக் காத்திருக்கிறது.

அடிமைநிலை, மறைவில் வளரும். மீட்சி, துணையில் வளரும். விடமுடியாமல் தவிப்பவர் ஒருவர் உதவி கேட்டு வரும்போது, சாத்தாத கதவொன்று அவருக்காக இருத்தல் வேண்டும். அக்கதவு நம் வீட்டினதாகவும் இருக்கலாம்.

கற்பவை கற்றபின்

1. குடிநோயாளிகளைக் குறிக்க உங்கள் பகுதியில் வழங்கும் இழிசொற்களுக்கு மாற்றாக, மதிப்புடைய சொற்களைத் தொகுக்க.
2. சிகிச்சை முடித்து ஊர் திரும்பும் ஒருவரை வரவேற்று அவருடைய நண்பர் எழுதுவதாகக் கடிதம் ஒன்று எழுதுக.

குறுவினா

சார்புநிலை என்பது யாது?

சிறுவினா

மீண்டும் சறுக்கியவரை எவ்வாறு நடத்துதல் வேண்டும்? காரணம் தருக.

நெடுவினா

போதையிலிருந்து மீள்வதில் மருத்துவம், குடும்பம், ஊர் ஆகியவற்றின் பங்கினைப் பாடப்பகுதிவழி விளக்குக.