கம்ப்ரஸர் பொருத்தப் போகும் தம்பிக்கு



டெக்ஸாஸின் ஆகஸ்டு மாத வெயிலில், சுற்றிலும் கண்ணாடி பதித்த ஆர்.வி.-10 விமானத்துக்குள் குடும்பத்தோடு அமர்ந்து, ஓடுபாதையில் முறை வரும்வரை வெந்துகொண்டிருப்பது எத்தகைய அவஸ்தை என்பதை நான் அறிவேனாகையால், நீயே கட்டிவரும் விமானத்தின் லைகாமிங் என்ஜினில் குளிர்சாதனக் கம்ப்ரஸர் ஒன்றைப் பொருத்த உத்தேசித்திருப்பதாக நீ எழுதியதைப் படித்து நகைக்கவில்லை. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய இரண்டு டிகிரி சென்டிகிரேட் வீதம் வெப்பம் தணிவதால், மேலே போனபின் அதற்கு வேலை சொற்பமே என்பதை மட்டும் மனத்தில் கொள்.

கம்ப்ரஸர் கிடைப்பது சுலபம். மோட்டார் காருக்குச் செய்ததே போதும். இந்தக் காரியத்தின் ஜீவனெல்லாம், என் அபிப்பிராயத்தில், அதைத் தாங்கும் பிராக்கெட்டில்தான் இருக்கிறது. ஆறு சிலிண்டர்களின் அதிர்வும், பெல்ட்டின் இழுப்பும், சூடேறிய உலோகத்தின் விரிவும் ஓயாமல் அதை வருத்துவதால், கையால் அசைத்து உறுதியென்று நீ திருப்தியடைந்த தகட்டிலேயே, போல்ட் துளையின் விளிம்பிலோ வெல்டிங்கின் ஓரத்திலோ, சில மாதங்களில் மயிரிழை விரிசல் தோன்றக்கூடும். இடம் வசதியாயிருக்கிறதே என்று, கிராங்க்கேஸின் இரு பாதிகளையும் இறுக்கும் நீண்ட போல்ட்டுகளில் அதைக் கோத்துவிடாதே. உள்ளே மெயின் பேரிங்குகளை அசையவொட்டாமல் பிடித்திருப்பது அவற்றின் இறுக்கமே. இடையில் நுழைந்த தகட்டின் பெயிண்ட் சூட்டில் நசுங்கினாலும் போதும், அந்த இறுக்கம் குறைந்துவிடும்.

பெல்ட்டை ஓட்டுவது புரொப்பெல்லருக்குப் பின்னால், ஸ்டார்ட்டர் பல்சக்கரத்தோடு சேர்ந்த பெரிய புல்லி. கம்ப்ரஸரின் புல்லி அதில் பாதி விட்டமானால், என்ஜின் நிமிஷத்துக்கு 2700 சுற்றுச் சுற்றும்போது கம்ப்ரஸர் 5400 சுற்றும். அதனினும் சிறியதை மாட்டுமுன், செய்தவர்கள் விதித்த உச்ச வேகத்தைப் பார்த்துக்கொள். பெல்ட்டை மாற்றப் புரொப்பெல்லரையே கழற்ற வேண்டியிருப்பதால், உபரி பெல்ட் ஒன்றை முன்னதாகவே உள்ளே கட்டிவைப்பாரும் உண்டு. கட்டு அவிழ்ந்தால் விளையக்கூடிய விபரீதத்தை எண்ணி, அந்த வழக்கத்தில் எனக்கு ருசியில்லை. ஆல்டர்னேட்டருக்குத் தனி பெல்ட் இருக்கட்டும். அறுந்த ஒன்று மற்றதைச் சிதைக்காதபடி இடைவெளியும் இருக்கட்டும்.

பைப்பர் கம்பெனியார் தங்கள் சிறு விமானங்கள் சிலவற்றில் நல்ல யுக்தியொன்று செய்திருந்தார்கள்: திராட்டிலை முழுவதும் தள்ளியதும் ஒரு சிறு ஸ்விட்ச் கம்ப்ரஸரின் கிளட்சை விடுவித்து, வயிற்றடியில் இறங்கியிருக்கும் கண்டென்ஸரையும் உள்ளிழுத்துக்கொள்ளும். கண்டென்ஸரை நீ விருப்பம்போல் அமைத்துக்கொள். ஆனால் இறங்க வந்தவன் மீண்டும் மேலெழ நேர்கையில், 260 குதிரைச் சக்தியில் சிலவற்றைக் கம்ப்ரஸர் தின்றுகொண்டிராதபடி அந்த ஸ்விட்சை அவசியம் வைத்துவிடு.

முதல் ஒரு மணி நேரம் ஓட்டியதும் கௌலிங்கைக் கழற்றிப் பூதக்கண்ணாடியால் பிராக்கெட்டைச் சோதி. தகட்டை வெட்டுமுன் வரைபடத்தை எனக்கு அனுப்பு. அதில் தகட்டின் கனத்தையும், வளைவின் ஆரத்தையும், எந்தெந்த போல்ட்டுகளில் அதைப் பிணைக்கப் போகிறாய் என்பதையும் குறிக்க மறவாதே.