முன்பாரம், பின்பாரம்

மகாராஷ்டிர மாநிலத்தில் சோலாப்பூர் மாவட்டம் இருக்கிறது. அங்கே சோளம் அதிகமாக விளைகிறது. விளைந்த சோளத்தை மூட்டை கட்டிச் சந்தைக்குக் கொண்டு போக வேண்டும். மாட்டு வண்டியில் மூட்டை ஏற்ற உடல் பலம் மட்டும் போதாது. கணக்கும் தெரிய வேண்டும்.

மாட்டு வண்டிக்கு இரண்டு சக்கரங்கள். நடுவில் அச்சு. பாரத்தின் பெரும்பகுதியை அச்சுதான் தாங்குகிறது.

அச்சுக்கு முன்னால் பாரம் கூடினால் என்ன ஆகும்? நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். கழுத்தில் புண் உண்டாகும். இதுதான் முன்பாரம்.

அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். மாடு மூச்சு விடத் திணறும். வண்டி குடை சாயவும் கூடும். இதுதான் பின்பாரம்.

நிறை மையம்

வண்டியில் பல மூட்டைகள் இருக்கின்றன. ஆனாலும் எல்லா மூட்டைகளின் எடையும் ஒரே இடத்தில் இருப்பதாகக் கணக்கிடலாம். அந்த இடத்துக்கு நிறை மையம் என்று பெயர். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் முன்பாரமா, பின்பாரமா என்று சொல்லிவிடலாம்.

ஒரு விவசாயி 8 மூட்டைகளை ஏற்றினார். ஒரு மூட்டை 100 கிலோ. வண்டித் தட்டின் நீளம் 8 அடி. தட்டின் பின் விளிம்பிலிருந்து 4 அடியில் அச்சு இருக்கிறது. அவருடைய மகள் மாலையில் எழுத்தறிவு வகுப்புக்குப் போகிறவள்.

"அப்பா, மூட்டைகளை எங்கே எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டாள்.

"பின் விளிம்பிலிருந்து 2 அடியில் நாலு மூட்டை. 4 அடியில் இரண்டு. 6 அடியில் இரண்டு. ஏம்மா கேட்கிறாய்?"

"பின்பாரமாக இருக்கும் போலிருக்கிறது அப்பா. கணக்குப் போட்டுப் பார்ப்போம்."

அவள் சிலேட்டில் இப்படி எழுதினாள்:

400 கிலோ × 2 அடி = 800
200 கிலோ × 4 அடி = 800
200 கிலோ × 6 அடி = 1200
மொத்தம் = 2800

மொத்த எடை 800 கிலோ. 2800-ஐ 800-ஆல் வகுத்தாள். விடை 3½ அடி. அச்சு இருப்பதோ 4 அடியில். நிறை மையம் அச்சுக்கு அரை அடி பின்னால் இருந்தது.

விவசாயி நுகத்தடியைத் தொட்டுப் பார்த்தார். அது மேலே எழும்பியது. "நீ சொன்னது சரிதான் அம்மா" என்றார்.

இருவரும் மூட்டைகளை மாற்றி வைத்தார்கள். 2 அடியில் இரண்டு, 4 அடியில் இரண்டு, 6 அடியில் நாலு. மறுபடியும் கணக்குப் போட்டார்கள்.

200 × 2 = 400
200 × 4 = 800
400 × 6 = 2400
மொத்தம் = 3600

3600-ஐ 800-ஆல் வகுத்தால் 4½ அடி. இப்போது நிறை மையம் அச்சுக்கு அரை அடி முன்னால் வந்துவிட்டது.

கழுத்தில் எவ்வளவு பாரம்?

இதையும் கணக்கிடலாம். மொத்த எடை 800 கிலோ. அச்சிலிருந்து நிறை மையம் ½ அடி. இரண்டையும் பெருக்கினால் 400. அச்சிலிருந்து நுகத்தடி 8 அடி தூரம். 400-ஐ 8-ஆல் வகுத்தால் 50 கிலோ. இதை இரண்டு மாடுகள் தாங்குகின்றன. ஒரு மாட்டுக்கு 25 கிலோ. வண்டியின் சொந்த எடை இந்தக் கணக்கில் சேரவில்லை.

எல்லா மூட்டைகளையும் 6 அடியில் வைத்தால்? நிறை மையம் அச்சுக்கு 2 அடி முன்னால் போகும். 800 × 2 = 1600. அதை 8-ஆல் வகுத்தால் 200 கிலோ. ஒரு மாட்டின் கழுத்தில் 100 கிலோ! மூட்டைகள் அதேதான். வைத்த இடம்தான் வேறு.

மேடும் பள்ளமும்

மேட்டில் ஏறும்போது வண்டி பின்பக்கம் சாய்கிறது. பாரமும் பின்னால் விழுகிறது. அப்போது வண்டிக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார வேண்டும். இறக்கத்தில் பின்னால் நகர வேண்டும். அவருடைய எடையும் கணக்கில் சேரும்.

மாடு வாய் திறந்து சொல்லாது. அதற்காகச் சட்டம் இருக்கிறது. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. வண்டி மாடுகளுக்கு எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று 1965-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அளவோடு ஏற்ற வேண்டும். ஏற்றியதைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும்.

பயிற்சி

1. முன்பாரம் அதிகமானால் மாட்டுக்கு என்ன துன்பம்? பின்பாரம் அதிகமானால் என்ன துன்பம்?

2. பின் விளிம்பிலிருந்து 1 அடியில் 100 கிலோ இருக்கிறது. 5 அடியில் 300 கிலோ இருக்கிறது. நிறை மையம் எங்கே?
(விடை: 1600 ÷ 400 = 4 அடி)

3. உங்கள் ஊரில் ஒரு வண்டியின் அச்சு, பின் விளிம்பிலிருந்து எத்தனை அடியில் இருக்கிறது? அளந்து எழுதுங்கள்.