டாக்டர் படிப்பும் மூன்று கடமைகளும்



நம் கடைக்கு வாடிக்கையாக வரும் காக்கா ஒருவர், மகனுக்கு வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைத்த சந்தோஷத்தோடு வந்தார். கையில் பாண்டுப் பத்திரம். "தம்பி, ஜாமீன் கையெழுத்துப் போடணும்" என்றார். நான் மளிகைக்காரன், சட்டம் படித்தவனல்ல. ஆனாலும் எதற்கு ஜாமீன் நிற்கிறோம் என்று தெரியாமல் பேனாவைத் தொடலாமா? விசாரித்து அறிந்ததை எழுதுகிறேன்.

தேசிய சேவை, சர்க்கார் பாண்டு, ராணுவ உபகாரச் சம்பளம் ஆகிய மூன்றையும் நம்மவர்கள் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுகிறார்கள். மூன்றும் வேறு வேறு.

தேசிய சேவை 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. அதில் பேரமில்லை. மருத்துவம் படிக்கப் போகும் பையனை ஆரம்பப் பயிற்சி முடிந்ததும் கல்லூரிக்கு விடுகிறார்கள். அது தள்ளுபடி அல்ல, தவணைதான். ஐந்து ஆண்டுப் படிப்பும், ஆஸ்பத்திரியில் முதலாண்டுப் பயிற்சியும் முடிந்தபின், பாக்கிக் காலத்தை ராணுவ டாக்டராக அவன் கழிக்க வேண்டும். ராணுவத்துக்கும் டாக்டர்கள் வேண்டுமல்லவா?

சர்க்கார் பாண்டு ஆண், பெண் இருவருக்கும் உண்டு. கல்விக் கட்டணத்தில் பெரும்பங்கைச் சர்க்கார் ஏற்பதற்கு ஈடாக, சிங்கப்பூர்ப் பிரஜை ஐந்து ஆண்டு பொது ஆஸ்பத்திரிகளில் வேலை செய்ய வேண்டும். மீறினால் நஷ்டஈடு, அதன்மேல் வட்டி. ஜாமீன் போட்டவர் தலையிலும் அது விழும். காக்கா கொண்டுவந்த பத்திரம் இதுதான்.

மூன்றாவதான ராணுவ உபகாரச் சம்பளம் அவரவர் விருப்பம். படிக்கும்போதே பணம் கிடைக்கும். பிறகு பல ஆண்டுகள் ராணுவத்துக்கே உழைக்க வேண்டும்.

இனி நிபுணர் பயிற்சிக்கு வருவோம். 2010 முதல் இங்கே அதற்கு ரெசிடென்சி முறை நடக்கிறது. பொது ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி பெறுவதால், சர்க்கார் பாண்டின் ஆண்டுகளும் கூடவே கழிகின்றன. ஆனால் தேசிய சேவைக்குப் போகும் பையன், கூடப் படித்த பெண்ணைவிட ஏறக்குறைய இரண்டு ஆண்டு பின்தங்குவான். அவள் ரெசிடென்சியில் பாதி தூரம் போயிருப்பாள். இவன் முகாமில் காய்ச்சலுக்கு மாத்திரை எழுதிக்கொண்டிருப்பான். அதுவும் அனுபவம்தான், என்றாலும் கணக்கு கணக்குத்தான்.

உபகாரச் சம்பளம் வாங்கினால் கணக்கு இன்னும் நுட்பமாகும். அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ராணுவ மருத்துவ உபகாரச் சம்பளத்தைப் பாருங்கள். பணம் பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் ஆண்டுச் சேவை. ஆனால் ராணுவ ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி செய்யும் ஆண்டுகள் அந்தக் கடனில் கழிவதில்லை. பயிற்சி நீள நீள, விடுதலையும் தள்ளிப்போகும்.

பையனைக் கூப்பிட்டு, எந்தத் துறை வேண்டும் என்று கேட்டேன். "குழந்தை வைத்தியம், மாமா" என்றான். ராணுவத்துக்கு எலும்பு முறிவும் அறுவைச் சிகிச்சையும் பார்க்கிறவர் எத்தனை பேரும் வேண்டும். குழந்தை டாக்டர் எத்தனை பேர் வேண்டும்? அந்தத் துறைக்கு விடுவார்களா, எந்த வருஷம் விடுவார்கள், பயிற்சி ஆண்டுகள் கணக்கில் கழியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். அதுவரை உபகாரச் சம்பள மனு காக்கா வீட்டு மேஜையிலேயே இருக்கட்டும் என்றேன். சர்க்கார் பாண்டில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.