அறையை வரைந்தவர்

பணியிட மாற்றத்தால் ஊர் விட்டு ஊர் செல்லும் குடும்பங்களில் ஒரு காட்சி அடிக்கடி நிகழும். புதிய குடியிருப்பின் வெற்று அறையில் பெட்டிகள் வந்து இறங்கும். கட்டிலை எந்தச் சுவரோரம் இடுவது, படிக்கும் மேசைக்கு எந்தச் சன்னலின் வெளிச்சம் கிடைக்கும், பாட்டி எழுந்து நடக்க எங்கே இடம் விடுவது என்று வீட்டார் கூடிப் பேசுவர். மேசை இரண்டு மூன்று முறை இடம் மாறும். ஓர் அறையை அதில் வாழ்வோருக்கு ஏற்ப அமைத்துத் தருவதையே தொழிலாகக் கொண்டவர் உள்ளக வடிவமைப்பாளர் எனப்படுகிறார். இன்று அதற்கெனப் பட்டப்படிப்புகள் உள்ளன. நூறு ஆண்டுகளுக்கு முன் அத்தகைய நேர்வழி அரிது. அக்காலத்தில் பல வளைவுகளைக் கடந்து அத்தொழிலுக்கு வந்தவர் ஐலீன் கிரே.

ஐலீன் கிரே 1878ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் அயர்லாந்து நாட்டில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளுள் அவரே இளையவர். தந்தை ஓவியர், தாய் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஐலீனும் ஓவியராகவே விரும்பி இலண்டன் நகரின் ஸ்லேடு கலைப்பள்ளியில் சேர்ந்தார். பின்னர் 1902இல் பாரிஸ் நகருக்குச் சென்று அங்கும் ஓவியம் பயின்றார். ஆயினும் தூரிகை அவருக்கு நிறைவைத் தரவில்லை. தாயின் உடல்நலக் குறைவால் இலண்டன் திரும்பியிருந்தபோது, ஒருநாள் சோஹோ பகுதியில் பழைய மரப்பொருள்களைச் செப்பனிடும் கடை ஒன்றைக் கண்டார். சீன, ஜப்பானிய மெருகுப்பூச்சுத் திரைகள் அங்கே பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தன. உள்ளே சென்று, தாமும் அத்தொழிலைக் கற்கலாமா என்று கேட்டார். கடைக்காரரும் இசைந்தார். செல்வக் குடும்பத்துப் பெண் ஒருவர் பட்டறையில் நின்று பசையும் சாயமும் கலப்பது அந்நாளில் வழக்கமன்று.

இந்த மெருகு நாம் அறிந்த அரக்கு அன்று. சென்னபட்டணத்து மரப்பொம்மைகளில் பளபளக்கும் அரக்கு ஒருவகைப் பூச்சியிடமிருந்து கிடைப்பது. ஜப்பானிய மெருகோ ஒரு மரத்தின் பால். அம்மரம் மாமரமும் முந்திரியும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. முந்திரிக் கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும் என்பதைப் பண்ருட்டிப் பக்கத்து மக்கள் நன்கு அறிவர். சலவைத் தொழிலாளர் துணியில் குறியிடப் பயன்படுத்திய சேங்கொட்டையும் அதே குடும்பந்தான். அதன் சாறும் தோலைப் புண்ணாக்கும். ஜப்பானிய மரத்தின் பாலும் அத்தகையதே. மேலும் ஒரு விந்தை உண்டு. இப்பூச்சு வெயிலில் காயாது. ஈரப்பதம் மிக்க அறையில்தான் இறுகும். ஒரு பூச்சு இறுகியபின் அதைத் தேய்த்து வழவழப்பாக்கி அடுத்த பூச்சு இடவேண்டும். நல்ல பலகை ஒன்றுக்கு இருபது பூச்சுகள் தேவைப்படுவதுண்டு. ஒரு திரை முடிய மாதங்கள் ஆகும்.

1906இல் பாரிஸ் திரும்பிய ஐலீன், ஜப்பானிலிருந்து வந்து அங்குத் தங்கியிருந்த செய்ஸோ சுகவாரா என்னும் இளங்கைவினைஞரிடம் மாணவியானார். ஆசிரியர் மாணவியைவிட வயதில் இளையவர். கைகளில் தடிப்பும் அரிப்பும் தோன்றின. அவர் தொழிலை விடவில்லை. ஆண்டுகள் பல சென்றன. 1913இல் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். அவருக்கு அப்போது வயது முப்பத்தைந்து. ஆடை வடிவமைப்பாளரும் கலைப்பொருள் சேகரிப்பாளருமான ழாக் டூசே அவருடைய சிவப்பு மெருகுத் திரை ஒன்றை வாங்கினார். வழி தெளிந்துவிட்டது என்று நினைத்த வேளையில் முதல் உலகப்போர் மூண்டது. ஐலீன் பாரிஸில் நோயாளர் ஊர்தி ஓட்டினார். பிறகு ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு இலண்டனில் பட்டறை வைத்தார். அங்கு வாங்குவோர் குறைவு. 1917இல் மீண்டும் பாரிஸ்.

போருக்குப்பின் ஒரு பெண்மணி தம் வீட்டின் உள்ளகம் முழுவதையும் அமைத்துத் தருமாறு வேண்டினார். அவ்வீட்டின் நடைகூடம் நீண்டு குறுகியிருந்தது. ஐலீன் அதன் சுவர்களைச் சிறு சிறு மெருகுப் பலகைகளால் மூடினார். பாதி தொலைவில் அப்பலகைகள் சுவரை விட்டு விலகி, செங்கல் அடுக்கியதுபோல் ஒரு திரையாக அறைக்குள் நீண்டன. பலகைகள் ஒவ்வொன்றும் திரும்பக்கூடியவை. இடையே ஒளி புகும். சுவரும் திரையும் எங்கே பிரிகின்றன என்று சொல்ல இயலாது. ஓவியத்தில் கற்ற வண்ணமும், பட்டறையில் கற்ற பொறுமையும் இங்கே ஒன்றாய்ப் பயன்பட்டன. படம் வரைய வந்தவர் அறையை வரையத் தொடங்கிவிட்டார்.

1922இல் பாரிஸில் ‘ழான் டெஸெர்’ என்னும் கடையைத் திறந்தார். அப்பெயருடைய முதலாளி எவரும் இல்லை. அது ஐலீன் புனைந்த பெயர். ‘டெஸெர்’ என்றால் பாலைவனம். வட ஆப்பிரிக்கப் பாலையை அவர் விரும்பினார். மொராக்கோவில் கம்பளி நெசவைக் கண்டு கற்றிருந்தமையால் கடையில் தரைவிரிப்புகளும் விற்றன. மறு ஆண்டு அவர் காட்சிக்கு வைத்த ஓர் அறையைப் பிரெஞ்சு விமர்சகர்கள் எள்ளி நகையாடினர். ஹாலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர்களோ பாராட்டினர். கட்டடத்தைப் பற்றி அவர் எண்ணலானது இக்காலத்தில்தான். ழான் பதோவிசி என்னும் நண்பரும் தூண்டினார். பதோவிசி கட்டடக்கலை இதழ் ஒன்றின் ஆசிரியர்.

கட்டடக்கலையை எக்கல்லூரியிலும் பயிலாத ஐலீன், 1926இல் தெற்குப் பிரான்சின் கடலோரப் பாறைச் சரிவு ஒன்றில் வீடு கட்டத் தொடங்கினார். அவர் வயது நாற்பத்தெட்டு. மூன்று ஆண்டுகளில் வீடு முடிந்தது. அதன் பெயர் ஈ-1027. ‘ஈ’ என்பது ஐலீன். 10, 2, 7 என்பன ஆங்கில அகரவரிசையில் அவ்விருவர் பெயர்களின் முதலெழுத்துகளைக் குறிக்கும் எண்கள்.

அவ்வீட்டின் சிறப்பு அதன் தோற்றத்தைவிட அதன் அக்கறையில் உள்ளது. ஐலீனின் தமக்கைக்குப் படுக்கையிலேயே காலை உணவு உண்பது பிடிக்கும். அவருக்காக ஐலீன் எஃகுக் குழாயும் கண்ணாடியும் கொண்டு ஒரு வட்ட மேசை செய்தார். அதன் அடிப்பகுதி கட்டிலுக்குக் கீழே நுழையும். மேற்பலகை படுக்கைக்கு மேலே நிற்கும். வேண்டிய உயரத்துக்கு ஏற்றலாம், இறக்கலாம். தேநீர் மேசையின்மேல் தக்கை பதித்தார். கோப்பை வைக்கும் ஓசை எழாது. பெரிய முகக்கண்ணாடியோடு ஒரு சிறு கண்ணாடியை இணைத்தார், பிடரியையும் பார்க்கலாம். வாயிலில் ‘மெல்ல நுழைக’ என்று எழுதிவைத்தார்.

வீடு பதோவிசியின் பெயரில் இருந்தது. சில ஆண்டுகளில் ஐலீன் அங்கிருந்து விலகி, மலையூர் ஒன்றில் தமக்கென வேறொரு வீடு கட்டிக்கொண்டார். 1938ஆம் ஆண்டளவில் ஈ-1027இன் சுவர்களில் ஒருவர் பெரிய வண்ண ஓவியங்களைத் தீட்டினார். அவர் எளியவர் அல்லர். பின்னாளில் நம் சண்டிகர் நகரைத் திட்டமிட்ட லெ கார்பூசியே. பதோவிசி இசைந்திருந்தார், வடிவமைத்தவரை எவரும் கேட்கவில்லை. ஐலீன் அதைத் தம் படைப்பைச் சிதைத்த செயலாகவே கருதினார். எந்தச் சுவர் வெறுமையாய் இருக்கவேண்டும் என்பதும் வடிவமைப்பாளர் எடுத்த முடிவன்றோ! சண்டிகரைப் போற்றுகிறவர்களும் இச்செயலை ஏற்பது கடினம். அடுத்து வந்த உலகப்போரில் ஐலீனின் மலையூர் வீடு கொள்ளையிடப்பட்டது. வரைபடங்கள் பல அழிந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல, கடலோர வீட்டைக் கட்டியவர் யார் என்பதையே மக்கள் மறந்தனர். அது பதோவிசியின் வீடு என்றும், சிலவிடத்து லெ கார்பூசியேயின் வீடு என்றும் எழுதப்பட்டது.

1968இல் இத்தாலிய இதழ் ஒன்றில் வரலாற்றறிஞர் ஜோசப் ரிக்வர்ட் ஐலீனைப் பற்றிக் கட்டுரை வரைந்தார். அப்போது ஐலீனுக்கு வயது தொண்ணூறு. அவர் பாரிஸில், தாம் 1907இல் குடியேறிய அதே குடியிருப்பில் வாழ்ந்துகொண்டிருந்தார். 1972இல் டூசேயின் பொருள்கள் ஏலத்துக்கு வந்தபோது பழைய சிவப்புத் திரை மீண்டும் வெளிச்சம் கண்டது. மறு ஆண்டு, தமக்கையின் மேசை உள்ளிட்ட பொருள்களை மீண்டும் செய்து விற்க இலண்டன் நிறுவனம் ஒன்றுக்கு அவர் இசைவளித்தார். 1976இல் தம் தொண்ணூற்றெட்டாம் வயதில் மறைந்தார். 2009இல் அவர் செய்த நாற்காலி ஒன்று பாரிஸ் ஏலத்தில் ஏறத்தாழ 2 கோடியே 19 இலட்சம் யூரோவுக்கு விற்றது.

ஈ-1027 செப்பனிடப்பட்டு இன்று பார்வையாளருக்குத் திறந்துள்ளது. வட்ட மேசை கட்டிலோரம் நிற்கிறது. சுவரோவியங்களும் அழிக்கப்படாமல் இருக்கின்றன.

சிந்தித்து எழுதுக

1. ஜப்பானிய மெருகும் அரக்கும் எவ்வகையில் வேறுபடுகின்றன?
2. ஓவியமும் நெசவும் ஐலீனின் உள்ளக வடிவமைப்புக்கு எவ்வாறு துணை செய்தன?
3. ஈ-1027இன் சுவரோவியங்களை இன்று அழிக்கலாமா, காக்கலாமா? இரு தரப்பிலும் நின்று வகுப்பில் வாதிடுக.
4. உங்கள் வீட்டில் ஒருவருக்காகவே செய்யப்பட்ட, அல்லது இடம் மாற்றப்பட்ட பொருள் ஒன்றைப் பற்றி வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.