'வேண்டுமென்றே வீடிழந்தவர்' என்று கவுன்சில் எழுதினால்: 21 நாளில் செய்ய வேண்டியவை

வாடகை பாக்கியால் வீட்டை இழந்த ஒரு குடும்பம் கவுன்சிலிடம் போகிறது. தற்காலிகமாக ஓர் அறை கிடைக்கிறது. சில வாரங்களில் ஹவுசிங் ஆபீசரிடமிருந்து நீண்ட கடிதம் ஒன்று வருகிறது. 'உங்களுக்கு வீடில்லை என்பதை ஏற்கிறோம். ஆனால் இருந்த வீட்டை நீங்களே வேண்டுமென்று இழந்திருக்கிறீர்கள்' என்பது அதன் சாரம். முடிவில், அறையைக் காலி செய்யவேண்டிய தேதி. பதற்றத்தில் கண்ணில் படுவது அந்தத் தேதிதான். அதன் பக்கத்தில் எங்கோ இருக்கும் '21 நாள்' என்ற சொல் எளிதில் தவறிவிடும். அந்தக் குடும்பத்துக்கு அதைவிட முக்கியமான சொல் அந்தக் கடிதத்தில் வேறில்லை.

இங்கிலாந்தில் இதை ஆள்வது 1996-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் ஏழாம் பாகம். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகியவற்றுக்கு விதிகள் வேறு. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கடிதம் பறிப்பது ஒன்றை மட்டுமே: நிலையான வீடு கிடைக்கும்வரை தங்குமிடம் தந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற கவுன்சிலின் முழுக் கடமையை. ஆலோசனை, வீடு தேட உதவி, குறிப்பிட்ட காலம் தங்க இடம், பிள்ளைகள் இருந்தால் சமூகசேவைத் துறையின் உதவி, கவுன்சில் வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியல் ஆகியவை இந்தக் கடிதத்தோடு முடிந்துவிடுவதில்லை.

1. அன்றே மறுபரிசீலனை கேளுங்கள்

முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் சட்டத்தின் 202-ஆம் பிரிவின்கீழ் மறுபரிசீலனை கேட்க வேண்டும். கடிதம் தபாலில் வராமல், வாங்கிக்கொள்வதற்காகக் கவுன்சில் அலுவலகத்தில் வைக்கப்பட்டிருந்தாலும் அது கையில் கொடுத்ததாகவே கணக்கு. ஆகவே "நான் போய் வாங்கவில்லை" என்பது எடுபடாது.

காரணங்களை அடுக்கி நீண்ட மனு எழுதும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கீழ்க்கண்ட பொருளில் நான்கு வரியை ஆங்கிலத்தில் மின்னஞ்சலாக அனுப்பினால் போதும்:

"இன்ன தேதியிட்ட உங்கள் முடிவை 202-ஆம் பிரிவின்படி மறுபரிசீலனை செய்யக் கோருகிறேன். காரணங்களைப் பின்னர் அனுப்புவேன். மறுபரிசீலனை முடியும்வரை 188(3) பிரிவின்படி தங்குமிடத்தைத் தொடர வேண்டுகிறேன். என் கோப்பின் முழு நகலை அனுப்புங்கள்."

நேரில் கொடுத்தால் மறுபிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். 21 நாள் கடந்துவிட்டால் கதவு முழுக்க மூடிவிடாது. தாமதத்தை ஏற்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. ஆனால் மருத்துவமனையில் இருந்தது போன்ற வலுவான காரணம் காட்ட வேண்டியிருக்கும். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம்.

2. இருக்கும் அறையைத் தக்கவைத்துக்கொள்ளுங்கள்

பிள்ளைகள் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நோயாளிகள் போன்ற முன்னுரிமைப் பிரிவினரை வேண்டுமென்றே வீடிழந்தவர் என்று முடிவுசெய்தாலும், உடனே தெருவில் விட முடியாது. சொந்தமாக இடம் தேடிக்கொள்ள நியாயமான அவகாசம் தந்து, அதுவரை தங்க வைக்க வேண்டும் என்கிறது 190-ஆம் பிரிவு. அவகாசம் எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கணக்கிடும்போது விண்ணப்பித்தவரின் நிலையைத்தான் பார்க்க வேண்டும், தன் பணநெருக்கடியைக் கவுன்சில் காரணம் காட்டக்கூடாது என்று ரிச்மண்ட் கவுன்சில் வழக்கில் 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மாற்றுத்திறனாளிப் பிள்ளை, பள்ளித் தேர்வு, முன்பணம் இல்லாமை ஆகியவற்றையெல்லாம் எழுதிக் கொடுத்துக் கூடுதல் நாள் கேட்கலாம்.

இது ஒரு வழி. மறுபரிசீலனை முடியும்வரை தங்க வைப்பது இன்னொரு வழி. இது கவுன்சிலின் விருப்ப அதிகாரம்தான் என்றாலும் மனம்போல மறுக்க முடியாது. முதல் முடிவு எவ்வளவு வலுவானது, புதிய தகவல் ஏதும் வந்திருக்கிறதா, குடும்பத்தின் நிலை என்ன என்ற மூன்றையும் எடைபோட வேண்டும் என்பது 1997-இல் கேம்டன் கவுன்சிலுக்கு எதிரான வழக்கில் ஏற்பட்ட அளவுகோல். மறுத்துவிட்டால் வீட்டுவசதி வழக்கறிஞர் மூலம் உயர்நீதிமன்றத்தில் நீதிப்புனராய்வு கேட்கலாம். இந்த வேலைக்கு நாட்கணக்கில் காத்திருக்க முடியாது. காலி செய்யும் தேதிக்கு முன்பே வழக்கறிஞர் கையில் காகிதங்கள் இருக்க வேண்டும்.

3. முடிவின் நான்கு கால்களையும் ஆட்டிப் பாருங்கள்

மறுபரிசீலனையின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. ஒருவர் வேண்டுமென்றே வீடிழந்தார் என்று சொல்ல, 191-ஆம் பிரிவின்படி நான்கு விஷயங்கள் சேர்ந்து நிற்க வேண்டும். அவர் ஒன்றை அறிந்தே செய்திருக்க வேண்டும், அல்லது செய்யத் தவறியிருக்க வேண்டும். அதன் விளைவாகவே வீடு போயிருக்க வேண்டும். அந்த வீடு அவருக்கும் குடும்பத்துக்கும் தொடர்ந்து கிடைக்கக்கூடியதாக இருந்திருக்க வேண்டும். அங்கேயே தொடர்ந்து வசிப்பது நியாயமானதாகவும் இருந்திருக்க வேண்டும். மேசைக்கு ஒரு கால் ஒடிந்தாலும் போதும், முடிவு சாய்ந்துவிடும். இவற்றை விசாரித்து உறுதிசெய்யும் பொறுப்பு கவுன்சிலுடையது. விண்ணப்பதாரர் தன் மீது தவறில்லை என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்று அரசின் வழிகாட்டு நெறிமுறையே சொல்கிறது.

அறிந்தே செய்ததா? வாடகை கட்டவில்லை என்பது மட்டும் போதாது. ஏன் கட்டவில்லை என்பதுதான் கேள்வி. வேலை போனது, பெனிஃபிட் தாமதமானது, மனநோயால் காரியங்களைக் கவனிக்க முடியாமல் போனது, வேறொருவரின் மிரட்டலில் செய்தது ஆகியவை வேண்டுமென்று செய்ததாகாது. முக்கியமான ஓர் உண்மை தெரியாமல் நல்ல எண்ணத்தில் செய்ததும் அப்படித்தான். முன்யோசனையில்லாமல் செய்ததுகூட, நல்ல எண்ணத்தோடு செய்திருந்தால், இதில் அடங்கலாம். டாக்டரின் கடிதம், வேலைநீக்கக் கடிதம், பெனிஃபிட் அலுவலகத்தோடு நடந்த செய்திப் பரிமாற்றம் இங்கே சாட்சி.

அதனால்தான் வீடு போனதா? வால்தம் ஃபாரஸ்ட் கவுன்சில் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். தனி ஆட்களுக்கான விடுதியில் இருந்த ஒரு கர்ப்பிணி, துர்நாற்றம் தாங்கவில்லை என்று 2011 அக்டோபரில் வெளியேறினார். நீயாக விட்டாய் என்றது கவுன்சில். 2012 பிப்ரவரியில் குழந்தை பிறந்தது. குழந்தையோடு அந்த விடுதியில் இருக்க விதிப்படி இடமில்லை; எப்படியும் அவர் வெளியேற வேண்டியிருந்திருக்கும். இன்றைய நிலைக்குக் காரணம் அன்று அவர் கிளம்பியது அல்ல என்று 2015-இல் உச்சநீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அங்கே தொடர்வது நியாயமா? தொடர்ந்து இருந்தால் குடும்ப வன்முறை நேரக்கூடிய வீட்டில் இருப்பது நியாயமல்ல என்று 177-ஆம் பிரிவே சொல்லிவிடுகிறது. அங்கே வேறு வாதத்துக்கு இடமில்லை. வாடகை கட்டுப்படியாகுமா என்பதும் இந்தக் கேள்வியில் அடங்கும். பர்மிங்ஹாமில் நான்கு பிள்ளைகளோடு இருந்த ஒரு தாய்க்கு மாத வாடகை 700 பவுண்ட்; கிடைத்த வீட்டுவசதி உதவித்தொகை 548.51 பவுண்ட். மீதி 151.49 பவுண்டை மற்ற பெனிஃபிட் பணத்திலிருந்து மிச்சம் பிடித்துக் கட்டியிருக்கலாமே என்றது கவுன்சில். 2019-இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தப் பணம் குடும்பம் உயிர்வாழத் தரப்படுவது. எப்படியோ சமாளித்திருக்கலாமா என்று கேட்காமல், பிள்ளைகளின் தேவைகளையும் சேர்த்து நியாயமான செலவு எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்றது.

ஆகவே வாடகை பாக்கி வழக்கில் முதல் வேலை, வீட்டை இழந்த காலத்து வரவுசெலவை மாதவாரியாக எழுதுவது. அன்றைய வங்கிக் கணக்கு அறிக்கை, மளிகை, மின்சாரம், பள்ளிச் சீருடை, பஸ் கட்டணம் எல்லாம் அதில் வரவேண்டும். கவுன்சில் எடுத்துக்கொண்ட கணக்கையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் இடைவெளி தானே தெரியும்.

4. மறுபரிசீலனை நடக்கும் வாரங்கள்

முதல் முடிவில் சம்பந்தப்படாத, அதை எடுத்தவரைவிட உயர்பதவியில் உள்ள அதிகாரிதான் மறுபரிசீலனை செய்ய வேண்டும். பொதுவாக 8 வாரத்தில் பதில் வரவேண்டும். இருதரப்பும் ஒத்துக்கொண்டால் நீட்டிக்கலாம். இடையில் இன்னொரு கடிதம் வரக்கூடும்: 'முதல் முடிவில் குறை இருந்தது, ஆனாலும் உங்களுக்கு எதிராகவே முடிவுசெய்ய எண்ணியிருக்கிறோம்.' இது தோல்வி அறிவிப்பு அல்ல. இதற்கு எழுத்தாலும் நேரிலும் பதில் சொல்ல உரிமை உண்டு. நேரில் பேச அழைப்பு வந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். உறவுக்காரப் பிள்ளையை மொழிபெயர்க்க வைத்தால் தேதிகளும் தொகைகளும் மாறிப் பதிவாகும் ஆபத்து இருக்கிறது.

5. அதுவும் தோற்றால் கவுன்ட்டி கோர்ட்

மறுபரிசீலனை முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து இன்னொரு 21 நாள். கவுன்ட்டி கோர்ட்டில் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் சட்டப் பிழை இருந்தால் மட்டும். முக்கியமான சாட்சியைப் பார்க்காமல் விட்டது, போதிய விசாரணை செய்யாதது, காரணம் சொல்லாதது போன்றவை சட்டப் பிழையில் வரும். 8 வாரம் தாண்டியும் பதிலே வராவிட்டால் முதல் முடிவை எதிர்த்தே நீதிமன்றம் போகலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு இதற்கு அரசின் சட்ட உதவி உண்டு.

6. பிள்ளைகள் இருந்தால் சமூகசேவைத் துறை

18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பம் வேண்டுமென்றே வீடிழந்ததாக முடிவானால், பெற்றோரின் சம்மதம் கேட்டு, அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சமூகசேவைத் துறைக்குத் தெரிவிக்க ஹவுசிங் பிரிவு ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தத் துறை 1989-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி பிள்ளைகளின் தேவையை மதிப்பிடும். முன்பணம், முதல் மாத வாடகை, சில காலத்துக்குத் தங்குமிடம் ஆகியவற்றைத் தரும் அதிகாரம் அதற்கு உண்டு. 'பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம் தருவோம்' என்று சொல்லக் கேட்டு அஞ்சிப் பின்வாங்கும் பெற்றோர் உண்டு. குடும்பத்தைச் சேர்த்தே தங்க வைக்கும் அதிகாரமும் அதே பிரிவில் இருக்கிறது. அப்படிச் சொல்லப்பட்டால் எழுத்தில் கேட்டு வாங்கி வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும்.

7. வீடு தேடும் வேலையை நிறுத்தாதீர்கள்

2017-ஆம் ஆண்டின் வீடின்மை குறைப்புச் சட்டம் 2018 ஏப்ரல் 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வீடு போகும் ஆபத்தில் உள்ளவருக்கும் வீடிழந்தவருக்கும் கவுன்சில் தனித்தனி வீட்டுத் திட்டம் எழுதி உதவ வேண்டும். இந்த இரண்டு கட்டத்திலும், யார் தவறால் வீடு போனது என்பது உதவியை மறுக்கக் காரணமாகாது. திட்டத்தில் 'வாடகை வீடு தேடுங்கள்' என்று பொதுவாக எழுதியிருந்தால் திருத்தக் கேட்கலாம்: முன்பணத்துக்கு உத்தரவாதம், வீட்டுக்காரரிடம் பேசுதல், பாக்கியைத் தவணையில் கட்ட ஏற்பாடு என்று திட்டவட்டமாக.

காத்திருப்புப் பட்டியலிலும் பெயரை எடுத்துவிட வேண்டாம். வீடில்லாதவர்களுக்கு நியாயமான முன்னுரிமை தரவேண்டும் என்ற விதியில் வேண்டுமென்றே இழந்தவர்களும் அடக்கம். பழைய நடத்தையைக் காட்டி இடத்தைக் கீழே இறக்கக் கவுன்சிலால் முடியும். கேள்வியே இல்லாமல் நீக்கிவிட முடியாது.

8. மீண்டும் விண்ணப்பிக்கலாமா?

இந்த முத்திரை ஆயுள் முழுவதும் தொடராது. இடையில் நிலையான ஒரு வீட்டில் வசித்து, அதை வேறு காரணத்தால் இழந்தால் பழைய இழப்போடு இருந்த காரணச் சங்கிலி அறுந்துவிடும். தனியாரிடம் முறையான ஒப்பந்தத்தில் குடியிருந்த காலம் இதற்குப் போதுமானதாகலாம். உறவினர் வீட்டுச் சோபாவில் படுத்த காலம் பொதுவாகப் போதாது. நிலைமை மாறியிருந்தால், அதாவது புதிய உண்மை இருந்தால், புதிய விண்ணப்பத்தைக் கவுன்சில் எடுத்துக்கொண்டே ஆகவேண்டும்.

குடும்பத்தில் இன்னொருவரும் விண்ணப்பிக்கலாம். கணவர் வாடகைப் பணத்தைச் சூதாட்டத்தில் தொலைத்தார். மனைவிக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்து தடுக்க முயன்றார் என்றால், மனைவி தன் பெயரில் விண்ணப்பிக்கும்போது கணவரின் செயலை அவர் மீது ஏற்ற முடியாது. ஆனால் விண்ணப்பிப்பவருக்குப் பொதுநிதி உதவி பெறும் குடியேற்ற உரிமை இருக்க வேண்டும்.

இன்னும் வீட்டில் இருப்பவர்களுக்கு

வீட்டுக்காரரின் நோட்டீஸ் வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவது பெரிய ஆபத்து. வாண்ட்ஸ்வர்த் கவுன்சில் வழக்கில், வாடகை பாக்கியில் இருந்த ஒரு குடும்பம் நீதிமன்ற உத்தரவுக்கு முன்பே வெளியேறியது. எப்படியும் வெளியேற்றப்பட்டிருப்போம் என்ற அவர்களின் வாதத்தை, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபையின் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. கிளம்புமுன் கவுன்சிலிடம் எழுத்தில் கேட்க வேண்டும்: இப்போது வெளியேறினால் வேண்டுமென்றே என்று சொல்வீர்களா? பதில் எதுவானாலும் அந்த மின்னஞ்சல் பின்னாளில் சாட்சி.

ஷெல்ட்டர் அமைப்பின் இலவச உதவி எண் 0808 800 4444. சட்ட உதவி வழக்கறிஞரைத் தேட அரசின் எண் 0345 345 4345. சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகங்களும் வழிகாட்டும். அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: கவுன்சிலின் முடிவுக் கடிதம், அது கிடைத்த தேதி, தங்குமிடத்தைக் காலி செய்யச் சொன்ன தேதி, பழைய வீட்டின் ஒப்பந்தம், வீடு போவதற்கு முந்தைய மாதங்களின் வங்கிக் கணக்கு.